அப்பாவின் வீட்டைக் கவுன்சில் பறித்துவிடுமா?

வாசகி ஒருவர் அனுப்பிய கடிதத்தின் சுருக்கம் இதுதான். கிழக்கு லண்டனில் ஒரு வரிசை வீடு. பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்து சேர்த்த காசில் அப்பா 1989 இல் வாங்கியது. அம்மா போன பிறகு தனியாக இருந்தவரை 2019 இல் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். 2021 அக்டோபரில் அவரும் காலமானார். உயிலின்படி வீடு மூன்று பிள்ளைகளுக்கும் சமபங்கு: ரொறன்ரோவில் அண்ணா, லண்டனில் கடிதம் எழுதிய வாசகி, யாழ்ப்பாணத்தில் தங்கை. உயிலைச் செயற்படுத்தும் பொறுப்புள்ள நிறைவேற்றுனர்கள் அண்ணாவும் வாசகியும். 2022 இல் புரொபேட், அதாவது உயிலை நிறைவேற்றுவதற்கான சட்ட அனுமதி, கிடைத்தது. அந்த ஏப்ரலிலேயே தளபாடங்களை அகற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து வீடு பூட்டியே கிடக்கிறது.

உள்ளூராட்சி சபையான கவுன்சிலிலிருந்து மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன. மூன்றாவதில் ‘வெற்று வீட்டு நிர்வாக ஆணை’, ‘கட்டாயக் கொள்வனவு’ என்ற சொற்கள் உள்ளன. கூடவே முன்வளவைத் துப்புரவாக்கச் சொல்லி ஓர் அறிவித்தல். கவுன்சில் வரியும் இரட்டிப்பாகிவிட்டது. அண்ணா விற்கவும் விடுகிறார் இல்லை, வாடகைக்குக் கொடுக்கவும் விடுகிறார் இல்லை. “பதில் போடாதே, போட்டால் நாங்கள் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்” என்கிறார். ஏழு வருடம் போனால் வீடு கவுன்சிலுக்கே சொந்தம் என்று கோயிலில் ஒருவர் சொல்லியிருக்கிறார். ஒரு கட்டிலும் திரைச்சீலையும் போட்டால் போதுமா, மகளின் பெயருக்கு மாற்றினால் தப்பலாமா என்று கேட்டு, கடைசியில் ஒரு வரி: “குசினிக் கதவுக்குப் பின்னால் அப்பாவின் வேலைக் கோட்டு இன்னும் தொங்குகிறது. அதை எடுக்க எனக்குக் கை வரவில்லை.”

அன்புள்ள வாசகிக்கு,

அந்தக் கடைசி வரியை நான் இரண்டு முறை வாசித்தேன். இப்படியான வீடுகளின் சாவியை மேசையில் வைத்து அழுதவர்கள் என் அலுவலகத்துக்கு நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். அதனால் கோட்டைப் பற்றி அவசரப்பட வேண்டாம். ஆனால் கவுன்சிலின் கடிதத்தைப் பற்றி அவசரப்படுங்கள். பயப்படத் தேவையில்லாத இடத்தில் நீங்கள் பயப்படுகிறீர்கள். பயப்பட வேண்டிய இடத்தைப் பற்றி உங்களிடம் யாரும் சொல்லவில்லை.

வீட்டைத் தூக்கிக்கொண்டு போகும் அதிகாரம் கவுன்சிலுக்கு இலேசில் கிடைப்பதில்லை. அதற்கு வேண்டிய சாட்சியம் சொந்தக்காரரின் மௌனம். அண்ணா சொன்னதற்கு நேர் எதிராகத்தான் சட்டம் வேலை செய்கிறது. பதில் போட்டால் எதையும் ஒத்துக்கொண்டதாக ஆகாது. போடாவிட்டால்தான் “இவர்களுக்கு இந்த வீட்டைப் பற்றி எந்த யோசனையும் இல்லை” என்று கவுன்சிலால் காட்ட முடியும்.

முதலில் முன்வளவு

மூன்றாவது கடிதத்தோடு வந்த அறிவித்தலை எடுத்து மேசையில் வையுங்கள். அது 1990 ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 215 ஆம் பிரிவின் கீழ் வந்தது. அதில் இரண்டு திகதிகள் இருக்கும். ஒன்று அறிவித்தல் நடைமுறைக்கு வரும் நாள். அது உங்களுக்குக் கிடைத்ததிலிருந்து குறைந்தது 28 நாள் தள்ளி இருக்க வேண்டும். மற்றது வேலையை முடிக்க வேண்டிய நாள். அறிவித்தல் தவறு என்று நினைத்தால் முதல் திகதிக்கு முன் மஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்யலாம். நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். யாரோ கொண்டுவந்து போட்ட மெத்தை, இடுப்பளவுக்கு முட்செடி, கண்ணாடி உடைந்து பலகை அடித்த யன்னல். மேன்முறையீட்டுக்கு இதில் ஒன்றும் இல்லை. ஆள் பிடித்து ஒரு சனிக்கிழமையில் முடித்துவிடுங்கள். முன்னும் பின்னும் படம் எடுத்து, செய்து முடித்த திகதியோடு கவுன்சிலுக்கு அனுப்புங்கள்.

மெத்தையை நாங்கள் போடவில்லையே என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். ஆனால் காணிக்குச் சொந்தக்காரர் என்ற முறையில் பொறுப்பு உங்களுடையது. செய்யாவிட்டால் அது குற்றம். 1,000 பவுண் வரை தண்டம் விதிக்கலாம். அதோடு கவுன்சில் தானே ஆள் விட்டுச் செய்து, செலவை உங்களிடம் அறவிடும். இந்த அறிவித்தலுக்கு இன்னொரு பல்லும் இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

‘நிர்வாக ஆணை’ என்றால் என்ன

2004 ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டம் கொடுத்த அதிகாரம் இது. சொந்தம் உங்களிடமே இருக்கும். வீட்டை நடத்தும் உரிமை மட்டும் சில காலம் கவுன்சிலுக்குப் போகும். ஏழு வருடக் கதை இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். இறுதி ஆணை அதிகபட்சம் ஏழு ஆண்டு நிற்கலாம். அந்த ஏழு ஆண்டும் வீடு உங்கள் மூவருடையதே. ஆணை நடப்பில் இருக்கும்போதுகூட நீங்கள் விற்கலாம். வரும் வாடகையில் திருத்தச் செலவையும் நிர்வாகச் செலவையும் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கவுன்சில் உங்களுக்குத் தர வேண்டும்.

அந்த ஆணையைத் தீர்ப்பாயத்தின் மூலம் கவுன்சில் பெறுவதும் சின்ன வேலை அல்ல. இங்கிலாந்தில் 2012 நவம்பரிலிருந்து, வீடு குறைந்தது இரண்டு ஆண்டு வெறுமையாக இருந்திருக்க வேண்டும், அயலுக்குத் தொல்லையாகவும் ஆகியிருக்க வேண்டும். தீர்ப்பாயத்துக்குப் போவதற்கு மூன்று மாதம் முன்பே சொந்தக்காரருக்கு அறிவிக்க வேண்டும். உங்களைத் தேடிப் பிடித்து, வீட்டை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்க நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும். வந்த மூன்று கடிதங்களும் அந்த முயற்சிதான். தீர்ப்பாயம் முக்கியமாகப் பார்ப்பது, ஆணை இல்லாமல் இந்த வீட்டில் கிட்டடியில் ஆள் குடிவர நியாயமான வாய்ப்பு உண்டா என்பதைத்தான். முதலில் கிடைக்கும் இடைக்கால ஆணை 12 மாதத்துக்கு மேல் போகாது. அந்தக் காலத்தில் உங்கள் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் யாரையும் குடிவைக்கவும் முடியாது. இறுதி ஆணை வந்தால்தான் சம்மதம் கேட்காமல் வாடகைக்கு விடலாம். அதையும் எதிர்த்து மேன்முறையீடு செய்ய உங்களுக்கு உரிமை உண்டு.

உண்மையாகவே விற்பனைக்கோ வாடகைக்கோ சந்தையில் போட்டிருக்கும் வீட்டின் மேல் இந்த ஆணையைக் கேட்க முடியாது. புரொபேட் கிடைத்து ஆறு மாதம் ஆகாத வீட்டுக்கும் விலக்கு உண்டு. அந்த ஆறு மாதம் உங்களுக்கு எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் முதல் விலக்கு இன்றைக்கும் உங்கள் கையில் இருக்கிறது. 2006 இல் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து இந்த ஆணைகளைக் கவுன்சில்கள் மிக அரிதாகவே எடுத்திருக்கின்றன. செலவும் கூட, அலைச்சலும் கூட.

கட்டாயக் கொள்வனவும் கடனுக்கு விற்பதும்

கட்டாயக் கொள்வனவு உண்மையில் சொந்தத்தையே எடுத்துவிடும். 1985 ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தின் 17 ஆம் பிரிவின் கீழ் இதைச் செய்யலாம். கவுன்சில் போடும் ஆணையை மத்திய அரசு உறுதிப்படுத்த வேண்டும். பொதுநலனுக்காக இது கட்டாயம் தேவை என்று கவுன்சில் நிறுவ வேண்டும். எடுத்தாலும் சும்மா எடுக்க முடியாது. வீடு இன்றிருக்கும் நிலையில் சந்தை விலை என்னவோ அதைக் கொடுக்க வேண்டும். உங்கள் தரப்பு மதிப்பீட்டாளர், சொலிசிட்டர் ஆகியோரின் நியாயமான கட்டணமும் அதில் சேரும். அதற்கு மேல், சொந்தக்காரர் குடியிருக்காத வீட்டுக்கு அடிப்படை இழப்புத் தொகை என்று விலையில் ஒரு வீதமும் கிடைக்கும். மேலே சொன்ன பல் இங்கேதான் கடிக்கும். 215 ஆம் பிரிவு அறிவித்தலைச் செய்யாமல் விட்டிருந்தால் இந்தத் தொகை கிடைக்காது. ஒரு மெத்தைக்காக அந்தத் தொகை முழுவதையும் விடுகிறீர்கள்.

பல கவுன்சில்கள் இந்த இடத்தில் உடன்படிக்கைக்கும் வரும். இன்ன திகதிக்குள் திருத்தி ஆள் குடிவைப்போம் என்று நீங்கள் எழுதிக் கையொப்பமிட்டால், அதுவரை ஆணையை நகர்த்த மாட்டோம் என்று அவர்களும் எழுதித் தருவார்கள்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது சத்தமில்லாமல் வரும் வழி. பாதுகாப்புக்காகப் பலகை அடித்தது, எலி ஒழித்தது, விழப்போன கூரையைத் தாங்கியது என்று சில சட்டங்களின் கீழ் கவுன்சில் செய்யும் வேலைகளின் செலவு வீட்டின் மேல் கடனாகப் பதிவாகும். அந்தக் கடனை அடைக்காவிட்டால், அடைமானம் வைத்த வங்கி விற்பதுபோல வீட்டை விற்று, தன் காசை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தரக் கவுன்சிலால் முடியும். கட்டாத கவுன்சில் வரியையும், 1,000 பவுணுக்குக் குறையாமல் இருந்தால், நீதிமன்றம் மூலம் வீட்டின் மேல் ஏற்றலாம். இங்கே ஏழு ஆண்டும் இல்லை, மந்திரியின் ஒப்புதலும் இல்லை.

இரட்டிப்பான வரி

அப்பா பராமரிப்பு இல்லத்தில் இருந்த காலத்துக்கும், புரொபேட் கிடைத்து ஆறு மாதம் வரைக்கும் வீட்டுக்குக் கவுன்சில் வரி விலக்கு இருந்தது. பழைய பில்களில் அது கொடுக்கப்பட்டதா என்று பாருங்கள். கொடுக்காமல் அறவிட்டிருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

இப்போது வருவது வெற்று வீட்டுப் பிரீமியம். 2024 ஏப்ரல் 1 முதல், ஆளும் தளபாடமும் இல்லாமல் ஓராண்டு கிடக்கும் வீட்டுக்கு நூறு வீதம் வரை கூட்டிப் போட இங்கிலாந்தின் கவுன்சில்களுக்கு அதிகாரம் உண்டு. ஐந்து ஆண்டு ஆனால் 200 வீதம், பத்து ஆண்டு ஆனால் 300 வீதம் வரை. உங்கள் வீட்டில் தளபாடம் போனது 2022 ஏப்ரலில். அடிப்படை வரி 1,800 பவுண் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது 3,600 கட்டுகிறீர்கள். உங்கள் கவுன்சில் முழு வீதத்தையும் எடுத்தால், 2027 ஏப்ரலிலிருந்து அது 5,400.

கட்டில், திரைச்சீலை யோசனையை விட்டுவிடுங்கள். யாரும் வசிக்காமல் தளபாடம் மட்டும் போட்டால் அது இரண்டாம் வீடு என்ற கணக்கில் வரும். 2025 ஏப்ரல் முதல் இரண்டாம் வீட்டுக்கும் நூறு வீதம் வரை பிரீமியம் போடலாம். ஆள் இருக்கிறார் என்று பொய் எழுதினால் தண்டப்பணம், மோசமானால் மோசடி வழக்கு. மகளின் பெயருக்கு மாற்றுவதும் உதவாது. வெறுமையாகக் கிடந்த காலம் வீட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சொந்தக்காரர் மாறினாலும் மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்காது. ஆறு வாரத்துக்கு மேற்படாமல் ஒருவரைக் குடிவைத்து எடுத்தாலும் கணக்கு முறியாது. அதைவிட, மூன்று பேருக்குரிய வீட்டை ஒரு பிள்ளையின் பெயருக்கு எழுத உங்களுக்கு உரிமையும் இல்லை.

நேர்மையான வழி இருக்கிறது. விற்பனைக்கோ வாடகைக்கோ உண்மையாகப் போட்டால் 12 மாதம் வரை பிரீமியம் இல்லை. பெரிய திருத்த வேலை தேவைப்பட்டாலோ நடந்துகொண்டிருந்தாலோ அதற்கும் 12 மாதம் வரை விலக்கு உண்டு. இவை தாமாக வராது. விண்ணப்பித்துக் கேட்க வேண்டும். இவ்வளவு நாளும் உங்கள் சம்பளத்திலிருந்து கட்டிய பணத்தின் ரசீதுகளை எறிந்துவிடாதீர்கள். நிறைவேற்றுனர் செய்த செலவாக அதை அப்பாவின் சொத்திலிருந்து எடுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

அண்ணாவோடு கதைப்பது

வீடு இன்னும் நிறைவேற்றுனர்கள் கையில் இருப்பதால் அண்ணாவின் கையொப்பம் இல்லாமல் விற்க முடியாது. அதனால் முடிவு அண்ணாவுடையது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அது அப்படியல்ல. நிறைவேற்றுனர் தன் பங்கைக் காப்பவர் அல்ல, எல்லோருடைய பங்கையும் காக்கக் கடமைப்பட்டவர். வீடு பழுதாகி வரி ஏறும்போது, மூன்றில் ஒரு பங்கு யாழ்ப்பாணத்தில் இருக்கும் தங்கையின் பணத்திலிருந்து போகிறது. அவர் ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டால், சொத்தை வீணாக்கினீர்கள் என்று உங்கள் இருவர் மேலும் வழக்குப் போட அவரால் முடியும். அண்ணா அசையாவிட்டால், நிறைவேற்றுனரை மாற்றும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். அது செலவான பாதை, குடும்பத்தை உடைக்கும் பாதை. அப்படி ஒரு வழி இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தால் போதும், போகத் தேவை வராமலே இருக்கலாம்.

விற்றால் அப்பாவின் பெயர் போய்விடும் என்று அண்ணா நினைப்பது எனக்கு விளங்குகிறது. எங்கள் தலைமுறைக்கு இந்த நாட்டில் முதல் வீடு என்பது வெறும் செங்கல் அல்ல. ஆனால் விற்பதும் பூட்டி வைப்பதும் மட்டும்தான் வழி என்றில்லை. திருத்தி வாடகைக்கு விடலாம். பல கவுன்சில்கள் வீட்டைச் சில ஆண்டுக்குத் தாங்களே குத்தகைக்கு எடுத்து, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாடகை தரும் திட்டங்களை வைத்திருக்கின்றன. சில இடங்களில் திருத்த வேலைக்குக் கடனோ மானியமோ உண்டு. வாடகைக்கு விடும்போது 2026 மே 1 முதலான புதிய விதிகளை நினைவில் வையுங்கள்: காரணம் சொல்லாமல் ஆளை எழுப்ப முடியாது. விற்பதற்காகக் கேட்பதானாலும் முதல் ஓராண்டுக்குள் முடியாது, நான்கு மாத முன்னறிவித்தலும் வேண்டும். அண்ணாவும் தங்கையும் வெளிநாட்டில் வசிப்பதால், அவர்கள் வாடகைப் பங்கிலிருந்து அடிப்படை வருமான வரியைப் பிடித்துக்கொண்டுதான் முகவர் அனுப்புவார். முழுவதும் கிடைக்க வேண்டும் என்றால் வரித் திணைக்களத்திடம் முன்கூட்டியே அனுமதி பெறலாம்.

விற்பதானால், மூலதன ஆதாய வரி அப்பா வாங்கிய 1989 விலையிலிருந்து கணக்கிடப்படாது. அவர் காலமான நாளின் பெறுமதியிலிருந்து கூடியதற்கு மட்டும்தான். அண்ணாவை இந்த வரிதான் பயமுறுத்துகிறது என்று உங்கள் கடிதத்தின் நடுப்பகுதியைப் பார்த்தால் தெரிகிறது. இந்த ஒரு விஷயத்தை அவருக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். விற்று முடிந்து 60 நாளுக்குள் அறிக்கை கொடுக்கும் கடமை உண்டு. ஆகவே கையொப்பத்துக்கு முன்பே கணக்காளரைப் பாருங்கள்.

திருத்துவதில் ஒரு நன்மை பலருக்குத் தெரியாது. இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ யாரும் வசிக்காத வீட்டைத் திருத்தினால், வற் எனப்படும் பெறுமதி சேர் வரி 20 வீதத்துக்குப் பதிலாக 5 வீதம். 40,000 பவுண் வேலைக்கு 8,000 கட்ட வேண்டிய இடத்தில் 2,000. ஒப்பந்தக்காரர் வற் பதிவு உள்ளவராக இருக்க வேண்டும், பொருட்களையும் அவரே போட வேண்டும். கடையில் நீங்கள் வாங்கினால் இந்தச் சலுகை இல்லை. வீடு வெறுமையாக இருந்ததற்கு அத்தாட்சி வேண்டும். அதை எழுதித் தரக்கூடியவர், நீங்கள் பயந்துகொண்டிருக்கும் அதே வெற்று வீட்டு அதிகாரிதான்.

கவுன்சிலுக்கு என்ன எழுதுவது

ஒரு பக்கம் போதும். நீங்கள் இருவரும் நிறைவேற்றுனர்கள், ஒருவர் கனடாவில் இருக்கிறார், தொடர்புக்கு உங்கள் தொலைபேசி, மின்னஞ்சல். முன்வளவு இன்ன திகதியில் துப்புரவானது, படம் இணைத்திருக்கிறோம். இன்ன திகதிக்குள் மதிப்பீட்டாளர் வருவார். இன்ன திகதிக்குள் விற்பதா வாடகையா என்று குடும்பம் தீர்மானிக்கும். அதற்கு இடையில் கவுன்சிலிடம் குத்தகைத் திட்டமோ கடனோ இருந்தால் விபரம் அனுப்புங்கள். இவ்வளவுதான். நிறைவேற்ற முடியாத திகதியை மட்டும் எழுதாதீர்கள். தவறவிட்ட திகதி, மௌனத்தைவிட மோசமான சாட்சி. அனுப்பியதன் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். திகதிகளை அண்ணாவுக்குக் காட்டி, அவர் ஒப்புக்கொண்ட பிறகு அனுப்புங்கள். அவர் இரண்டு கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால், துப்புரவு செய்ததையும் உங்கள் தொடர்பு விபரத்தையும் மட்டும் உங்கள் பெயரில் அனுப்பிவிடுங்கள். அதற்கு அவர் சம்மதம் தேவையில்லை.

இன்னும் இரண்டு வேலை. காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து, 30 அல்லது 60 நாளுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால் காப்பு இல்லை என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். அப்படியானால் இன்றே வெற்று வீட்டுக் காப்புறுதிக்கு மாறுங்கள். தண்ணீர்க் குழாயை வீதிப் பக்கத்து வால்வில் மூடுங்கள். யாராவது பூட்டை உடைத்துக் குடியேறினால் பொலிசை அழைக்கலாம். 2012 செப்டெம்பர் முதல் குடியிருப்பு வீட்டில் அத்துமீறிக் குடியேறுவது குற்றம்.

சனிக்கிழமை முன்வளவுக்கு ஆள் வரும்போது நீங்களும் போவீர்கள்தானே. சாவி உங்களிடம்தான் இருக்கிறது. முடிந்தால் கைத்தொலைபேசியில் அண்ணாவையும் தங்கையையும் அழைத்து, வீட்டை ஒருமுறை சுற்றிக் காட்டுங்கள், குசினி வரைக்கும். ரொறன்ரோவிலிருந்து நினைவில் பார்க்கும் வீடும், ஈரம் ஊறிய அந்தச் சுவரும் ஒன்றல்ல என்பதை அண்ணா நேரில் காணட்டும். அப்பாவின் கோட்டை என்ன செய்வதென்று அப்போது மூவருமாகக் கதையுங்கள்.